மரக்கன்றின் பிளாஸ்டிக் கூண்டைக் கழற்றும்போது வரும் சிக்கல்கள்: அறிகுறி வாரியாகத் தீர்வுகள்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, டெல்டாவின் தென்னைகளையும் சாலையோர மரங்களையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் வாய்க்கால் கரை, குளக்கரை, பள்ளி வளாகம் என்று பல இடங்களில் மரக்கன்றுகள் நடப்பட்டன. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தப்பவேண்டுமே என்று ஒவ்வொரு கன்றையும் சுற்றி மூன்று சவுக்குக் கம்புகளை ஊன்றி, பச்சை வலையையோ விறைப்பான பிளாஸ்டிக் கண்ணி வலையையோ சுற்றிக் கட்டினோம். அந்த வலையை யார் கழற்றுவது, எப்போது கழற்றுவது, கழற்றியதை எங்கே சேர்ப்பது என்பதை எங்கள் குழு உட்பட நட்டவர்களில் பெரும்பாலோர் அப்போது யோசிக்கவில்லை. மூன்றாண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது ஒரே வரிசையில் நின்ற மரங்களுக்குள்ளேயே ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சிக்கல் இருந்தது.

அந்த வேலையில் கற்றுக்கொண்டவை அறிகுறி வாரியாகக் கீழே தரப்பட்டுள்ளன. எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தின் நலனுக்காகக் கூண்டைக் கழற்ற வேண்டிய காலமும், கூண்டின் பிளாஸ்டிக் மறுசுழற்சிக்குத் தகுதியோடு இருக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்டை நெரிக்கத் தொடங்கும் வயதிலேயே வலை வெயிலில் நொய்ந்துபோகவும் தொடங்குகிறது. ஓராண்டு தள்ளிப்போட்டால் இரண்டையும் இழக்க நேரிடும்.

தொடங்கும் முன்

கூண்டருகே நின்று இரண்டு சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும். முதலாவது, தண்டுக்கும் வலைக்கும் இடையே இரண்டு விரல்களைச் சேர்த்து நுழைத்துப் பார்ப்பது. நுழையவில்லையென்றால் கழற்ற வேண்டிய காலம் கடந்துவிட்டது என்று பொருள். தாராளமாக நுழைந்தால் அவசரமில்லை. மரத்தின் கொழுந்து ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும். வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து நின்றால் ஐந்து அடிக்குக் குறையாமல் எட்டிவிடும் என்பதால், கிளைவிடும் பகுதி ஆறு அடியைத் தாண்டும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

இரண்டாவது சோதனை வலைக்கானது. வலையின் ஓரத்தை இரண்டாக மடித்து, மடிப்பின்மேல் நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு விட வேண்டும். மடிப்பு விரிந்து பழைய நிலைக்குத் திரும்பினால் அந்த வலையில் இன்னும் உயிர் இருக்கிறது. அதை மீண்டும் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். மடித்த இடத்தில் சட்டென்று முறிந்தால் அதைக் கழற்றும் முறையே வேறு. அதனைத் தனித் தலைப்பில் சொல்லியிருக்கிறேன்.

காலத்தைப் பொறுத்தவரை எங்கள் பக்கத்துக்குத் தை, மாசி மாதங்கள் பொருந்தி வருகின்றன. வடகிழக்குப் பருவமழையும் புயல் காலமும் முடிந்து, மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஆனால் இந்தக் காலத்துக்கு ஒரு குறையும் உண்டு. சம்பா அறுவடை முடிந்து வயல்கள் தரிசாகக் கிடக்கும்போதுதான் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிவந்து கிடை போடுவார்கள். ஊர் ஆடுகளும் அப்போது கட்டவிழ்ந்து திரியும். ஆகவே வலையைக் கழற்றிய அன்றே அதற்குப் பதிலாக வேறொரு காப்பு வேண்டும். சீமைக் கருவேல முள்ளை வெட்டி, தண்டில் உரசாமல் ஒரு சாண் தள்ளி வட்டமாக அடைத்துக் கட்டிவிட்டால் ஒரு பருவத்துக்குத் தாங்கும். இது நம் பாட்டன்மார் செய்ததுதான். மட்கினால் மண்ணோடு மண்ணாகிவிடும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. தோட்டக் கத்தரி, கட்டுக்கம்பியை அறுக்கக் கட்டிங் பிளேயர், நுனி மழுங்கிய சிறு கத்தி, மூன்று வெறும் சாக்குகள், கீழே விரிக்க ஒரு பழைய சேலை அல்லது தார்ப்பாய், கைக்கு உறை. அரிவாளை எடுத்துப்போகாமல் இருப்பது நல்லது. கையில் அரிவாள் இருந்தால் வலையோடு பட்டையையும் சேர்த்துக் கொத்திவிடத் தோன்றும்.

அறிகுறி: வலையோ கயிறோ தண்டுக்குள் புதைந்திருக்கிறது

அடிக்கடி வருவதும், அவசரப்பட்டால் மரத்தையே கொன்றுவிடுவதும் இந்தச் சிக்கல்தான். எங்கள் வாய்க்கால் கரையில் நின்ற ஒரு புங்கை மரத்தில் விறைப்பான கண்ணி வலை முழங்கால் உயரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்டோடு ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் வலையின் ஒவ்வொரு கண்ணின் வழியாகவும் பட்டை கொழுக்கட்டை மாவு போலப் பிதுங்கி வெளியே வந்து, பிதுங்கிய மேடுகள் ஒன்றோடொன்று கூடத் தொடங்கியிருந்தன. மேலே பார்த்தால் மரம் பச்சைப்பசேலென்று தழைத்திருந்தது. ஏமாற்றமே அங்கேதான் தொடங்குகிறது.

வேர் உறிஞ்சும் நீர் தண்டின் உள்ளிருக்கும் கட்டைப் பகுதி வழியாக மேலே ஏறுகிறது. இலைகள் சமைக்கும் உணவோ பட்டையின் உட்புற அடுக்கு வழியாகக் கீழே இறங்குகிறது. தண்டைச் சுற்றி ஒரு கயிறு இறுகும்போது முதலில் நசுங்குவது பட்டைதான். நீர் தொடர்ந்து ஏறுவதால் இலைகள் வாடுவதில்லை. உணவு இறங்காமல் வேர் மட்டும் மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கிறது. இறங்கி வந்த உணவு கட்டுக்கு மேலே தேங்குவதால், நெரிபட்ட கோட்டுக்கு மேற்புறம் தண்டு பருத்தும் கீழ்ப்புறம் ஒடுங்கியும் காணப்படும். இந்தப் பருமனைக் கண்டு, மரம் நன்றாகத் தேறிவிட்டது என்று சிலர் மகிழ்வதும் உண்டு. ஓரிரு ஆண்டுகளில் அந்த மரம் நின்றபடியே காயும், அல்லது ஒரு காற்றில் அந்தக் கோட்டிலேயே ஒடியும்.

இத்தகைய மரத்தில் வலையைப் பிடித்து இழுக்கவே கூடாது. முதலில், புதையாமல் வெளியே இருக்கும் வலை முழுவதையும் தண்டிலிருந்து ஓர் அங்குலம் விட்டு வெட்டி அகற்ற வேண்டும். பிறகு, புதைந்த பகுதியைத் தண்டைச் சுற்றிலும் பார்த்து, எங்கெங்கே இழை வெளியே தெரிகிறதோ அங்கெல்லாம் அதை அறுக்க வேண்டும். நெரிப்பது முழு வளையம்தான் என்பதால், வளையம் நான்கைந்து இடங்களில் அறுபட்டாலே நெரிப்பு விட்டுவிடும். துண்டுகள் உள்ளே கிடந்தாலும் மரம் பருப்பதற்கு வழி கிடைத்துவிடும். அறுபட்ட துண்டுகளில் மேலோட்டமாகப் பதிந்தவற்றை மட்டும் தண்டுக்கு நேர்க்குத்தாக, மெதுவாக வெளியே இழுக்கலாம். பக்கவாட்டில் இழுத்தால் இழை பட்டையைக் கீறிக்கொண்டே வரும்.

விரல் நுனி ஆழத்துக்கும் மேல் புதைந்து, பட்டை மூடிக்கொண்ட இழையைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மரத்துக்குள் பிளாஸ்டிக் கிடக்கிறதே என்ற மனக்குறையால் கத்தியை விட்டுத் தோண்டினால், அந்த இழை செய்திருக்கக்கூடிய கேட்டைவிடப் பெரிய புண்ணை நாமே உண்டாக்கிவிடுவோம். பட்டையை உரித்தால் அது மீண்டும் ஒட்டுவதில்லை. ஓரங்களிலிருந்து புதிய திசு வளர்ந்துதான் மூட வேண்டும். முன்னே சொன்ன புங்கையில் கைப்பிடி அளவு வலையை உள்ளேயே விட்டோம். மரம் நிற்கிறது.

அத்தி, அரசு, ஆல் போன்ற பால் வடியும் மரங்களில் சிறு கீறலுக்கே பால் கொட்டும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆனால் அது கண்ணில் படாமலும் தோலில் உலராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறு காயங்களுக்குச் சாணமோ பெயிண்டோ தாரோ பூச வேண்டாம். காற்றுப்பட விட்டாலே மரம் தானாக மூடிக்கொள்ளும். உள்ளங்கை அளவுக்குப் பட்டை போயிருந்து, மழைக்காலமும் நெருங்கியிருந்தால், தோட்டக்கலையில் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்டோ பசையைப் பூசலாம். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பதே அதன் அளவு. துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே பாதித் தண்ணீரில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரங்கள் ஆகா.

வலையைவிட மோசமானது கட்டுக்கம்பி. கூண்டைக் கம்போடு சேர்த்துக் கட்டுவதற்காகச் சுற்றிய கம்பி, கம்பு மட்கிச் சாய்ந்தபின் தண்டில் மாட்டிக்கொள்கிறது. அதற்கும் மேற்சொன்ன முறையே பொருந்தும். அறுத்த ஒவ்வொரு துண்டையும் எண்ணிச் சாக்கில் போட வேண்டும். புல்லுக்குள் விழுந்த கம்பித் துண்டு பிறகு மாட்டின் வயிற்றுக்குள்தான் போகும்.

அறிகுறி: கூண்டை எடுத்ததும் மரம் சாய்கிறது, அல்லது வில்லாக வளைகிறது

கூண்டுக்குள் காற்று படாமல், நிழலில் வளர்ந்த கன்று வெளிச்சத்தைத் தேடி உயரத்தில் மட்டுமே ஓடும், தண்டு தடிக்காது. காற்றில் ஆடி ஆடித்தான் தண்டின் அடி பருக்கிறது, வேரும் பிடிமானம் கொள்கிறது. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. மரக்கன்றுக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை மாட்டும் முறையை 1979-இல் பிரிட்டனில் கிரஹாம் டூலி என்ற வனத்துறை ஆய்வாளர் தொடங்கிவைத்தார். குழாய்க்குள் கன்று வேகமாக உயர்ந்ததைக் கண்டு அங்கே அம்முறை பெருமளவில் பரவியது. கழற்றப்படாத குழாய்கள் காட்டுக்குள் குப்பையாக நின்றது பின்னர்தான் பெரும் பேச்சாயிற்று. உட்லேண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு 2021-இன் இறுதியோடு பிளாஸ்டிக் காப்புகளை விட்டுவிடுவதாக அறிவித்தது.

சாயும் மரத்தைத் தடுக்க மறுபடி வலையைச் சுற்றுவது தீர்வாகாது. ஒரு கம்பைத் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, காற்று வரும் திசையில் ஊன்றி, மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாத இடத்தில் ஒரே ஒரு கட்டுப் போட வேண்டும். உச்சியில் கட்டினால் கட்டுக்குக் கீழே தண்டு அசையாது. அசையாத தண்டு தடிக்கவும் செய்யாது. கட்டுக்குப் பழைய வேட்டிக் கிழிசலோ தேங்காய் நார்க் கயிறோ போதும். தண்டையும் கம்பையும் எட்டுப் போல மாறிச் சுற்றி, தண்டு சற்றே ஆடும்படி தளர்வாக முடிய வேண்டும். நைலான் கயிறும் கேபிள் டையும் இங்கே வேண்டவே வேண்டாம். கழற்ற வந்த சிக்கலை மறுபடி கட்டிவிட்டுப் போவது போலாகும்.

வில்லாக வளைந்து தரையைத் தொடும் அளவுக்கு மெலிந்திருந்தால், தலைக்கனத்தைக் குறைக்கப் பக்கக் கிளைகளில் சிலவற்றை நுனியில் கிள்ளிவிடலாம். தலைக்கொழுந்தை வெட்டக்கூடாது. அடிக்கிளைகளையும் முழுவதும் கழித்துவிடாமல் ஓராண்டு விட்டுவைத்தால், அவற்றின் இலைகள் தரும் உணவால் அடித்தண்டு தடிக்கும். கூண்டை ஒரே நாளில் முழுவதும் எடுக்காமல், முதலில் மேற்பாதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து அடிப்பாதியை எடுப்பது, நாங்கள் செய்ததிலேயே நல்ல பலன் தந்த முறை. ஆனி, ஆடிக் காற்று பலமாக வீசும் கணவாய்ப் பகுதிகளில் இருப்பவர்கள் இந்த இரண்டு கட்டங்களையும் மாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

அறிகுறி: கழற்றிய சில நாட்களில் தண்டின் ஒரு பக்கம் வெளிறிப் பட்டை வெடிக்கிறது

பல மாதங்கள் நிழலில் இருந்த இளம்பட்டை நேர்வெயிலைத் தாங்காது. மேற்குப் பக்கத்தில், மாலை வெயில் அடிக்கும் இடத்தில்தான் இது முதலில் தெரியும். நீர்த்த சுண்ணாம்பைக் கரைத்துத் தண்டில் மூன்றடி உயரத்துக்குப் பூசிவிட்டால் வெயில் திருப்பியடிக்கப்படும். சித்திரை வெயிலில் கூண்டைக் கழற்றாமலிருந்தால் இந்தச் சிக்கலே வராது. எந்த மாதமானாலும் பொழுது சாயும் வேளையில் கழற்றுவது மரத்துக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

அறிகுறி: அடித்தண்டு ஈரமாக, கறுத்து, மண்பூச்சோடு இருக்கிறது

கூண்டுக்குள் சருகும் மண்ணும் காற்றில் வந்த குப்பையும் சேர்ந்து தண்டைச் சுற்றி ஒரு மேடு உண்டாகியிருக்கும். தண்டு மண்ணுக்குள் மூச்சுவிட முடியாது. தொடர்ந்து ஈரம்பட்ட பட்டை அழுகும். கையால் அந்த மேட்டைத் தள்ளி, தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரியும்வரை மண்ணை விலக்க வேண்டும். பட்டையின்மேல் கறையான் மண்பூச்சு இருந்தால் உடனே மருந்தைத் தேட வேண்டாம். கறையான் பெரும்பாலும் செத்த மேற்பட்டையைத்தான் தின்னும். பூச்சை விளக்குமாற்றால் தட்டிவிட்டு, நகத்தால் சிறிது கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் மரத்துக்கு ஒன்றுமில்லை. பழுப்பாகி, புளித்த வாடை வந்து, அது தண்டைச் சுற்றிப் பாதிக்கு மேல் பரவியிருந்தால் அந்த மரம் தேறுவது கடினம்; வேர்ப்பக்கத் துளிர் வருமா என்று ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

பக்கத்தில் வேருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகப் புதைத்த பிவிசி குழாய்த் துண்டு இருந்தால், அதையும் இந்த வேளையிலேயே, மண் ஈரமாக இருக்கும்போது சுழற்றிப் பிடுங்கிவிட வேண்டும்.

அறிகுறி: கூண்டுக்குள் யாரோ குடியிருக்கிறார்கள்

கூண்டைத் தொடும் முன் ஒரு குச்சியால் தட்டிவிட்டுச் சற்று நேரம் பொறுத்துப் பார்க்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும். குளவிக் கூடு இருந்தால் அந்த மரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். இலைகளைச் சேர்த்துத் தைத்த தையல்சிட்டுக் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், ஒரு மாதம் தள்ளிப்போடுவதால் மரம் ஒன்றும் சாகாது.

பாம்பு விஷயம் வேறு. தரையோடு சுருண்டு கிடக்கும் மெல்லிய வலைக்குள் நுழையும் பாம்பு, செதில்கள் மாட்டிக்கொண்டு முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் கிடக்கும். அது சாரையா நல்லபாம்பா என்று குனிந்து ஆராயாமல், பத்தடி விலகி நின்று, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்ல வேண்டும். இதனால்தான் கழற்றிய வலையை இரவு முழுவதும் கரையில் போட்டுவைக்கக் கூடாது என்று வலியுறுத்துகிறேன்.

அறிகுறி: கை பட்டதும் வலை பொடிப்பொடியாக உதிர்கிறது

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்துவிடுவதால் இது நேர்கிறது. தரமான வலையில் இதைத் தாமதப்படுத்தும் பொருள் கலந்திருக்கும். உரச்சாக்கைக் கிழித்துச் சுற்றிய கூண்டோ இரண்டு கோடையைத் தாண்டினாலே மாவாகிவிடும்.

உதிரும் வலையை வெட்டத் தொடங்குவதற்கு முன், அதன் அடியில் மரத்தைச் சுற்றி இரண்டு பழைய சேலைகளை விரித்துவிட வேண்டும். காற்றில்லாத அதிகாலையில், பனி ஈரம் இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். கத்தரியால் பல இடங்களில் வெட்டாமல், வலையை அது நிற்கிற நிலையிலேயே மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அறுத்து, சுருட்டியபடியே சாக்குக்குள் இறக்க வேண்டும். சேலையில் உதிர்ந்ததை நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்துக் கொட்டிக்கொள்ளலாம். மண்ணில் ஏற்கெனவே கலந்துவிட்ட துகள்களை மேல்மண்ணோடு அள்ளிச் சல்லடையில் சலித்தால் பெரிய துண்டுகள் கிடைக்கும். பொடியை எடுக்க முடியாது.

இவ்வாறு பொடிந்த பிளாஸ்டிக்கைப் பழைய இரும்புக் கடையில் வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் அதை உருக்கி நல்ல பொருள் எதுவும் செய்ய முடியாது. ஊராட்சியின் தூய்மைக் காவலர்களிடமோ நகராட்சியிலோ உலர் குப்பையாக, சாக்கின் வாயைக் கட்டிக் கொடுப்பதே முறை. 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பிளாஸ்டிக்கைச் சாலை போடவும், சிமெண்ட் ஆலைச் சூளைகளில் எரிபொருளாகவும் பயன்படுத்த இடம் தருகின்றன. மரத்தடியிலேயே தீ வைத்துவிடுவதுதான் ஊரில் வழக்கம் என்பது தெரியும். திறந்த வெளியில் எரிக்கும்போது, அதிலும் பிவிசி கலந்திருந்தால், நச்சுப் புகை வருவது ஒருபுறமிருக்க, அந்தச் சூட்டில் இளமரத்தின் அடிப்பட்டை வெந்து, இத்தனை நாள் காத்த மரமே போய்விடும்.

அறிகுறி: பழைய இரும்புக் கடைக்காரர் வாங்க மறுக்கிறார்

முதல் முறை நாங்கள் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன மூட்டைகளைக் கடைக்காரர் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல பாதி மண்ணுதானே சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. மண்ணையும் கம்பியையும் அவர் பிளாஸ்டிக் விலைக்கு வாங்க முடியாது. கம்பி ஒன்று அரவை இயந்திரத்துக்குள் போனால் கத்தி உடையும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் வேலை வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். வலையை ஒரு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, பாயை உதறுவது போல இருவர் பிடித்து உதறினால் மண்ணில் பெரும்பகுதி கொட்டிவிடும். கொடி சுற்றியிருந்தால் காய்ந்தபின் அதுவும் நொறுங்கி விழும். எஞ்சியதைத் தொட்டித் தண்ணீரில் அலசலாம். வாய்க்காலில் அலசினால் இழைகள் வயலுக்குப் போய்விடும். கம்பி, நைலான் கயிறு, கேபிள் டை ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாக வேண்டும். இதுதான் நேரம் பிடிக்கும் வேலை.

அடுத்தது இனம் பிரித்தல். குழாயிலும் வாளியிலும் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலின், 3 என்றால் பிவிசி, 5 என்றால் பாலிப்ரோப்பிலின். வலையில் எண் இருக்காது. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. விரல் நீளத் துண்டை வெட்டி, இரண்டு சொட்டுச் சோப்பு கலந்த தண்ணீரில் முழுவதும் அமுக்கிவிட்டு விட வேண்டும். பாலிஎத்திலினும் பாலிப்ரோப்பிலினும் தண்ணீரைவிட இலேசானவை, மேலே வந்துவிடும். பிவிசியும் நைலானும் அமிழ்ந்துவிடும். சோப்பு போடாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு அமிழ வேண்டியதும் மிதந்து ஏமாற்றும். பச்சை வலை, விறைப்பான கண்ணி வலை ஆகிய இரண்டும் பெரும்பாலும் மிதக்கும். கூண்டைச் சுற்றிக் கட்டிய ஃபிளெக்ஸ் பதாகை அமிழும். அதை எந்தக் கடையும் எடுக்காது. நாற்றங்காலில் தொட்டிகளுக்கு அடியில் விரிக்கத்தான் அது உதவும்.

இந்தப் பிரிப்பு வெறும் விலைக்காக மட்டுமன்று. கழிவு பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையை மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கினார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர். சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துகள்களைத் தூவி, அவை இளகிப் படிந்தபின் தாரைக் கலப்பது அம்முறை. பாலிஎத்திலினும் பாலிப்ரோப்பிலினும் அதற்கு ஏற்றவை. பிவிசியைச் சூடாக்கினால் குளோரின் சேர்ந்த வாயு வெளிப்படுவதால் அது ஆகாது. ஒரு மூட்டையில் நான்கு பிவிசித் துண்டுகள் கலந்திருந்தாலே மூட்டை முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

வகைக்கு ஒன்றாகச் சுருட்டி, அதே வலையின் கீற்றாலேயே இறுக்கிக் கட்டினால் இடத்தை அடைக்காது. பத்து மரத்து வலை பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் எடையில் ஒன்றுமில்லை என்பதால், ஊரில் மற்ற இடங்களிலும் கழற்றும்வரை சேர்த்துவைத்து மொத்தமாகக் கொடுப்பதே வண்டிக் கூலிக்குக் கட்டுப்படியாகும். சேர்த்துவைக்கும் இடம் நிழலாக இருக்க வேண்டும். மொட்டை மாடியில் போட்டுவைத்தால் அங்கேயே நொய்ந்துவிடும்.

மடிப்புச் சோதனையில் தேறிய விறைப்பான வலையை விற்கவே வேண்டாம் என்பேன். அடுத்த நடவுக்கு அதையே பயன்படுத்தலாம். இம்முறை ஓரங்களைக் கம்பியால் தைக்காமல், ஒரு நீளக் குச்சியைக் கண்களில் கோத்துப் பூட்டினால், குச்சியை உருவியதும் கூண்டு தானாகத் திறந்துகொள்ளும்.

அறிகுறி: கன்று இல்லை, கூண்டு மட்டும் நிற்கிறது

இது சிக்கல்களிலேயே சங்கடமானது. கன்று எப்போதோ பட்டுப்போயிருக்கும். கூண்டும், அதில் மாட்டிய உபயதாரர் பெயர்ப்பலகையும் மட்டும் நன்றாக இருக்கும். பெயர் எழுதிய கூண்டைக் கேட்காமல் எடுத்தால் மனவருத்தம் வரும். உபயதாரரை நேரில் பார்த்து, இடத்தைக் காட்டி, பலகையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கூண்டை எடுப்பதே எங்கள் வழக்கம். பெரும்பாலும் அவர்களே அடுத்த கன்றுக்குப் பணம் தந்துவிடுகிறார்கள்.

கூண்டை எடுத்ததும் பட்டுப்போன கன்றையும் பிடுங்கிப் பார்க்க வேண்டும். ஒரு பள்ளி வளாகத்தில் வரிசையாக ஏழு மகிழங்கன்றுகள் பட்டிருந்தன. தண்ணீர் ஊற்றவில்லை என்று காவலர்மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். பிடுங்கிய முதல் கன்றிலேயே காரணம் தெரிந்துவிட்டது. நாற்றங்காலின் கறுப்பு பாலித்தீன் பை, கிழிக்கப்படாமல், வேரைச் சுற்றி அப்படியே இருந்தது. வெளியே போக வழியில்லாத வேர் பைக்குள்ளேயே சும்மாடு போலச் சுருண்டு இறுகியிருந்தது. எஞ்சிய ஆறிலும் அதே கதைதான். நட்டவர்கள் நாங்கள்.

உயிரோடு நிற்கிற மரங்களிலும் இது இருக்கலாம். நான்கைந்து ஆண்டாகியும் தண்டு கட்டைவிரலைத் தாண்டவில்லை, கையால் அசைத்தால் அடியோடு ஆடுகிறது என்றால், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடப்பாரையால் மெல்லக் கிளறிப் பார்க்க வேண்டும். கறுப்புப் பை தட்டுப்பட்டால், ஒரு பக்கத்து மண்ணை மட்டும் விலக்கி, பையை மேலிருந்து கீழ்வரை கிழித்து, வருகிற அளவுக்கு உருவிவிட்டு, சுற்றிக்கொண்ட வேர்களில் வெளிப்புறத்தில் இருப்பவற்றை இரண்டு மூன்று இடங்களில் வெட்டிவிட வேண்டும். மறுபக்கத்தை அடுத்த ஆண்டுக்கு விட்டுவிடலாம். மண்ணை மூடித் தண்ணீர் ஊற்றி, மேலே சொன்னபடி தாழ்வாக ஒரு கம்பு கட்டி, மூன்று மாதம் கழித்துப் புதுக்கொழுந்து வருகிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.